நனைந்த அரிசியை யார் தலையில் கட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி பிறந்தால் உங்கள் பத்திரிகையில் கட்டம் கட்டி ஒரு செய்தி வந்துவிடும். டார்ச் லைட்டுக்கு பேட்டரி வாங்கி வையுங்கள், ஆதார் கார்டு ரேஷன் கார்டையெல்லாம் பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள், அறுந்து கிடக்கிற ஒயரைத் தொடாதீர்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். எல்லாம் சரியான யோசனைதான், வருடா வருடம் நானும் வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டுகிறேன். ஆனால் அதில் எங்களுக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. எங்களுக்கு என்றால் மெஸ் வைத்திருப்பவர்கள், முக்கு டீக்கடைக்காரர், மாவு அரைத்து விற்கிற அம்மா, தள்ளுவண்டியில் இட்லி போடுகிறவர். முழங்கால் தண்ணீரில் அடுப்பைப் பற்றவைக்க முடியாத சனம் அன்றைக்கு எங்கள் வாசலில்தான் வந்து நிற்கும். அவர்கள் வீட்டுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துவிட்டு, எங்கள் கடைச் சட்னியைத் தொட்டுச் சாப்பிடுவார்கள். அந்தச் சட்னியை எந்தத் தண்ணீரில் அரைத்தோம் என்று யாரும் கேட்பதில்லை.

நான் வேளச்சேரியில் 17 வருடமாக மெஸ் நடத்துகிறேன். 40 பேர் மாதக் கணக்கில் சாப்பிடுகிறார்கள், பாதிக்கு மேல் ஓஎம்ஆர் சாலைக் கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள். பார்சல் தனி. கடைக்குள் இரண்டு தடவை வெள்ளம் வந்திருக்கிறது, 2015 டிசம்பரில் ஒரு தடவை, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஒரு தடவை. முதல் தடவை நான் செய்தது தப்பு. இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது உங்கள் வாசகர்களிடம் சொல்கிறேன், திட்டுகிறவர்கள் திட்டட்டும்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது, செம்பரம்பாக்கம் ஏரியில் நொடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள், அடையாற்றங்கரை முழுக்கப் போனது. அதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. எங்கள் பக்கம் அடையாறு இல்லை, எங்கள் வேளச்சேரி ஏரித் தண்ணீரும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் வாங்காமல் திருப்பி அனுப்பிய தண்ணீரும். கடையில் இடுப்பளவு. வடிந்து பார்த்தபோது கீழே அடுக்கியிருந்த அரிசி மூட்டை ஆறும் அடியில் ஊறி, மேலே பாதி காய்ந்து நின்றது. நகையை அடகு வைத்துப் போட்ட சரக்கு அது. நானும் என் வீட்டுக்காரரும் மூட்டையைப் பிரித்து, ஊறிய அரிசியைத் தனியாக எடுத்து, நாலு தண்ணீரில் அலசி, மொட்டை மாடியில் வேட்டி விரித்துக் காயவைத்தோம். மூன்று நாள் வெயில். வாசனை பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. இட்லிக்கு ஊறப்போட்டேன். எப்படியும் அரைத்து, புளிக்க வைத்து, ஆவியில் வேகவைக்கிற பண்டம்தானே, என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

அந்த வாரத்தில் என்னிடம் சாப்பிட்ட பிள்ளைகளில் 11 பேருக்கு வயிற்றுப்போக்கு. ஒருவனுக்கு இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அது அரிசியால் வந்ததா, தரைக்கடியில் இருக்கிற சம்ப் தொட்டித் தண்ணீரால் வந்ததா, அவர்கள் வெளியில் எங்கேயாவது குடித்ததால் வந்ததா, சத்தியமாக இன்றுவரை தெரியாது. ஊரெல்லாம் அப்படித்தான் இருந்தது, யாரும் என்னைக் கேட்கவில்லை. "ஆன்ட்டி, கொஞ்சம் கஞ்சி வச்சுத் தர்றீங்களா" என்று அந்தப் பையன் வந்து நின்றபோது, அதே மூட்டை அரிசியில்தான் கஞ்சி வைக்கப்போனேன். அளக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. மிச்ச அரிசியை அன்றைக்குத்தான் கொட்டினேன்.

அப்புறம்தான் தெரிந்துகொள்ள ஆரம்பித்தேன். எங்கள் மெஸ்ஸில் ஃபுட் டெக்னாலஜி படித்த ஒரு பெண் இரண்டு வருடம் சாப்பிட்டாள், அவள்தான் எனக்கு டீச்சர். வெள்ளத் தண்ணீர் மழைத் தண்ணீர் இல்லை அக்கா, பாதாளச் சாக்கடை, செப்டிக் டேங்க், பெட்ரோல் பங்க், செத்த எலி எல்லாம் சேர்ந்த கரைசல் என்பாள். சோற்றைப் பற்றி அவள் சொன்னது இன்னும் மறக்கவில்லை. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி இருக்குமாம், வேகவைத்தாலும் சாகாமல் விதை மாதிரி தோலைப் போர்த்திக்கொண்டு கிடக்குமாம். வடித்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் இருந்தால் முளைத்து நஞ்சைக் கக்குமாம். அந்த நஞ்சு வந்துவிட்ட பிறகு எத்தனை கொதி கொதிக்க வைத்தாலும் போகாது. 'சூடு பண்ணிட்டா எல்லாம் செத்துடும்' என்று சமையல்கட்டில் நாங்கள் சொல்கிற வேதவாக்கு அதோடு போயிற்று. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் சமைத்த பண்டத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்பது அவள் சொன்ன கணக்கு. சென்னையில் கரண்ட் இல்லாத நாளில் அந்த நடுவில் இல்லாத பண்டம் எது?

சரி, 2023க்கு வருகிறேன். டிசம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பிடித்த மழை திங்கள் முழுக்க விடவில்லை. இந்தத் தடவை கொஞ்சம் தயாராக இருந்தேன். ஃப்ரீசரை ஒன்றரை அடி உயரத்தில் கான்கிரீட் கல் வைத்து ஏற்றியிருந்தோம். பருப்பு, மிளகாய், மல்லி எல்லாம் பரண் மேல், மூடி இறுகிய டிரம்மில். புயல் சொன்ன அன்றைக்கே காலி தண்ணீர் பாட்டில்களை நிரப்பி ஃப்ரீசரில் இருக்கிற சந்திலெல்லாம் செருகிவிட்டேன், ஐஸ் கட்டியாகி நின்றால் கரண்ட் போனாலும் குளிர் பிடித்து வைக்கும். ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து அதன் மேல் ஒரு ரூபாய்க் காசு வைத்தேன். இது வாட்ஸாப்பில் வந்தது. அங்கே வருகிற ஆயிரம் குப்பையில் உருப்படியான ஒன்று. கரண்ட் போய் வந்த பிறகு காசு மேலேயே இருந்தால் உருகவில்லை, அடியில் போய்க் கிடந்தால் நடுவில் ஒரு தடவை முழுக்க உருகி மறுபடி உறைந்திருக்கிறது. வெளியே பார்க்க எல்லாம் கல்லு மாதிரிதான் இருக்கும், காசு மட்டும் உண்மையைச் சொல்லும்.

கரண்ட் திங்கள் விடியற்காலை போனது. ஈபியைக் குறை சொல்ல முடியாது, தண்ணீருக்குள் மின்சாரம் விட்டால் ஆள் சாகும். எங்கள் தெருவுக்கு வந்தது வியாழன் ராத்திரி. சாதாரண ஃபிரிட்ஜ் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம். ஃப்ரீசர் நிறைய இருந்தால் 48 மணி நேரம், பாதி காலியாக இருந்தால் 24. அதுவும் நொடிக்கொரு தடவை திறந்து 'கெட்டுப்போச்சா' என்று பார்க்காமல் இருந்தால். என் கணக்குப்படி புதன் விடியற்காலையோடு முடிந்தது. காசும் அடியில்தான் கிடந்தது. 12 கிலோ கோழி, மீன், பன்னீர், பச்சைப் பட்டாணி எல்லாம் போயிற்று.

ஆனால் இந்தக் கடிதத்தை எழுதவைத்தது கோழி இல்லை. எங்களிடம் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் பாத்திரம் கழுவுகிறான், காய் நறுக்குவான், கடையிலேயே பரணுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்வான். செவ்வாய்க்கிழமை காலையில் அவன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கடைக் கழிவறையில் சாக்கடை எதிர்த்து வந்து கோப்பைக்கு மேல் நிற்கிறது, நேற்றிலிருந்து அந்தக் கதவையே யாரும் திறக்கவில்லை. "நீ எங்கடா போறே?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். பின்சந்தைக் காட்டினான். முட்டிவரை தண்ணீர் நிற்கிற அதே சந்து. காலில் தகரம் கிழித்த காயம் வேறு, ஒரு துணியைச் சுற்றியிருந்தான். அந்தத் தண்ணீரில் போய், அந்தத் தண்ணீரிலேயே நடந்து வந்து, ஒரு சொம்புத் தண்ணீரில் கையை நனைத்துவிட்டு, என் பிள்ளைகள் சாப்பிடப்போகிற வெங்காயத்தை உரித்துக்கொண்டிருக்கிறான். அவன்மேல் என்ன தப்பு? கைகழுவ சோப்பு வைத்திருக்கிறேன், போர்டு ஒட்டியிருக்கிறேன், லைசென்ஸ் மாட்டியிருக்கிறேன். அவன் கழிப்பதற்கு ஓர் இடம் இருக்கிறதா என்று நான் யோசிக்கவே இல்லை.

அன்றைக்கே அடுப்பை அணைத்தேன். கழிவறை இல்லை, நல்ல தண்ணீர் இல்லை என்றால் சமைக்கக் கூடாது, எவ்வளவு பேர் வாசலில் நின்றாலும். இருந்த பிரெட், வாழைப்பழம், பிஸ்கட், கேன் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். சில பிள்ளைகளுக்குக் கோபம்தான், 'அந்த ஹோட்டல்ல தோசையே போடுறாங்க ஆன்ட்டி' என்றார்கள். போட்டார்கள்தான், பெயர் வேண்டாம், இரண்டாம் நாளே திறந்து கும்பலாக ஓடியது, பால் பாக்கெட்டுக்கு ஊரே அலைந்த நேரத்தில் அங்கே டீயும் கிடைத்தது. அவர்கள் சம்ப்பும் என் சம்ப் மாதிரிதான் தரைமட்டத்தில் இருக்கிறது. அந்தப் பையனை நாலாவது தெருவில் போட்டிருந்த மருத்துவ முகாமுக்குக் கூட்டிப்போனேன். காயத்தைக் கழுவிக் கட்டி, எலிக்காய்ச்சல் வராமலிருக்க டாக்டர் மாத்திரை எழுதித் தந்தார். 2018இல் கேரளத்தில் வெள்ளம் வடிந்த பிறகு எலிக்காய்ச்சல் எப்படிப் பரவியது என்பது உங்கள் பத்திரிகையிலேயே படித்ததுதான். அவனை எங்கள் வீட்டு மாடியில் தங்கவைத்தேன். இதை தர்மம் என்று சொல்லிக்கொள்ளவில்லை, ஹோட்டல் வைத்திருக்கிறவர்கள் பாதிப்பேர் ஆட்களைக் கடைக்குள்தான் படுக்கவைக்கிறார்கள், வெள்ளத்தில் அவர்கள் எங்கே போவார்கள் என்பதும் சமையல்கட்டுச் சுத்தத்தில் சேர்ந்ததுதான் என்கிறேன்.

அடுத்து சம்ப். நம் ஊரில் மேலே இருக்கிற தொட்டியைப் பார்ப்போம், கீழே இருக்கிற சம்ப்பை மறந்துவிடுவோம். வெள்ளத் தண்ணீர் மூடி வழியாகச் சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். வடிந்த பிறகு திறந்து பார்த்தால் தண்ணீர் தெளிவாகவே இருக்கும், அழுக்கெல்லாம் அடியில் படிந்துவிடும். கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போடுகிறோம், அந்தத் தண்ணீர் மேல்தொட்டிக்கு ஏறி, குழாய்க்குழாயாக இறங்கி, சட்னி, மோர், ஜூஸ், கழுவின தட்டு எல்லாவற்றுக்கும் போய்விடுகிறது. மழை வரும் என்று சொன்னதுமே மேல்தொட்டியை நிரப்பிக்கொண்டு சம்ப் மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கிவிட வேண்டும். நான் பிடுங்கினேன், இல்லையென்றால் யாராவது பழக்கத்தில் போட்டுவிடுவார்கள்.

சம்ப்பை முழுக்க இறைத்து, சேற்றை அள்ளி, தேய்த்துக் கழுவ ஒரு நாள் ஆயிற்று. ஆளை உள்ளே இறக்கும்போது மேலே இரண்டு பேர் நிற்க வேண்டும், மூடியை நெடுநேரம் திறந்துவைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், மூடிக்கிடந்த சம்ப்பில் காற்று இருக்காது. அப்புறம் லாரித் தண்ணீர் விட்டு, 1,000 லிட்டருக்கு 4, 5 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடரை ஒரு பக்கெட்டில் கரைத்து, தெளியவைத்து, தெளிவை மட்டும் ஊற்றினோம். அரை மணி நேரம் விட வேண்டும். பிறகு எல்லாக் குழாயையும் மருந்து வாசனை வரும்வரை திறந்துவிட வேண்டும். தண்ணீர் தொட்டி ஆபரேட்டர்களிடம் குளோரின் பார்க்கிற சின்னப் பெட்டி இருக்கும், இரண்டு சொட்டு மருந்து விட்டால் தண்ணீர் மஞ்சளாகும், மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குளோரின். லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது நின்றால்தான் வெள்ள நேரத்தில் நம்பலாம். தெரிந்த ஆபரேட்டர் ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிவந்து பார்த்தேன். மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது.

பிளீச்சிங் பவுடர் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். தெருவோரம் கோலம் போடுகிற மாதிரி வெள்ளையாகத் தூவிவிட்டுப் போகிறார்களே, அது கண்ணுக்கு ஆறுதல், அவ்வளவுதான். சேற்றுக்கு மேல் போட்ட பிளீச்சிங் சேற்றோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், கிருமிவரை போகாது. முதலில் சேற்றை வழித்து எடு, அப்புறம் சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுத் தேய், அப்புறம் அலசு, கடைசியில்தான் பிளீச்சிங். அந்த வரிசை தப்பினால் வேலை முழுக்க வீண். பாத்திரம், மேடை, கிரைண்டர் தொட்டிக்கு 10 லிட்டர் பக்கெட்டுக்கு 7, 8 கிராம் போதும். புதுசாகப் பிரித்த பவுடராக இருக்க வேண்டும், போன வருடம் வாயைத் திறந்து வைத்தது வெறும் சுண்ணாம்பு. இதோடு கழிவறை ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள், கிளம்புகிற புகை மூச்சை அடைத்துவிடும்.

கழுவினால் தேறுவது எது, தேறாதது எது என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறோம். எவர்சில்வர் தேறும், கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுக்கலாம். காய் நறுக்குகிற மரப்பலகை, சப்பாத்திக் கட்டை, மர அகப்பை தேறாது, கீறலுக்குள் போனது வெளியே வராது. பிளாஸ்டிக் டப்பாவும் அப்படித்தான். திருகு மூடி போட்ட ஊறுகாய் பாட்டில், ஜாம், சோடா மூடி போட்ட கூல்டிரிங்க்ஸ் இதெல்லாம் வெள்ளத்தில் முங்கியிருந்தால் வெளியே பளபளவென்று துடைத்தாலும் மூடி இடுக்கில் தண்ணீர் நிற்கும். அதைத் துடைத்து விற்பதை நானே பார்த்திருக்கிறேன். உப்பாத, துருப்பிடிக்காத, நசுங்காத தகர டின் மட்டும் லேபிளைக் கிழித்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவி, பிளீச்சிங்கில் முக்கி, மேலே என்ன பண்டம், எந்தத் தேதி என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். ஃபிரிட்ஜின் சுவருக்குள் தண்ணீர் போயிருந்தால் அந்த நாற்றம் எதற்கும் போகாது. கிரைண்டரை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் தொடக்கூடாது, அதில் போன உயிர்கள் இருக்கின்றன.

அரிசிக்கு வருகிறேன். ஞாயிறு மத்தியானம் வந்த 26 கிலோ மூட்டை நாலு பரணேறாமல் தரையிலேயே இருந்துவிட்டது, இறக்கிப் போட்ட ஆள் மழைக்குப் பயந்து ஓடிவிட்டார். நாலும் நனைந்துவிட்டது. இந்தத் தடவை மொட்டை மாடிக்கு ஏற்றவில்லை. வெள்ளி காலை நாலு மூட்டையையும் நனைந்த உளுந்தையும் தெருமுனைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து ஒரு டீ போட்டுக் குடித்தேன். திரும்பிப் போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. மாநகராட்சி வண்டி அன்றைக்கு வரவே இல்லை. மூன்று சக்கர வண்டியில் ஒருவர் ஏற்றிக்கொண்டு போனதாக இஸ்திரி போடுகிறவர் சொன்னார். மாட்டுக்குப் போயிருந்தால் மாடு பாவம். எந்தக் கடை இட்லியாகப் போனதோ, எந்த மாவு பாக்கெட்டாகப் போனதோ. நான் செய்த அதே காரியத்தை இன்னொருவர் செய்ய நானே மூட்டை கட்டிக் கொடுத்திருக்கிறேன். அதற்கப்புறம் எதைக் கொட்டினாலும் மூட்டையைக் கிழித்து, மேலே ஃபினாயில் ஊற்றிவிட்டுத்தான் வருகிறேன். அரிசியின் மேல் ஃபினாயில் ஊற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று விவசாயி வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

அந்த வாரம் நான் கொட்டியது கிட்டத்தட்ட 38,000 ரூபாய். ரேஷன் கார்டுக்கு அரசு கொடுத்த 6,000 ரூபாய் வந்தது, நன்றியோடு வாங்கிக்கொண்டேன், அது வீட்டுக்குச் சரியாகப் போயிற்று. கடைக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தேன். புயல், வெள்ளம் அதில் சேர்ந்திருக்கிறது, ஆனால் கரண்ட் போய் ஃப்ரீசர் சரக்கு கெட்டால் அதற்குத் தனியாக எடுத்திருக்க வேண்டுமாம். நனைந்த சரக்குக்கு போட்டோ எங்கே என்றார்கள். நான் கொட்டிவிட்டேனே! கெட்ட சரக்கை உடனே கொட்டியவளுக்குப் பணம் இல்லை, பத்து நாள் நாறவைத்து போட்டோ எடுத்தவருக்குப் பணம். கழுவிக் காயவைத்து விற்றவருக்கு இது எதுவுமே வேண்டாம், முதல் திரும்பிவிட்டது. இதைத்தான் ஆசிரியர் ஐயா நான் சொல்ல வருவது. சுத்தம் தெரியாமல் யாரும் நனைந்த அரிசியை விற்பதில்லை. கொட்டுகிறவர் நஷ்டப்படுகிறார், கொட்டாதவர் தப்பிக்கிறார். இது இப்படியே இருக்கிறவரை எத்தனை நோட்டீஸ் அச்சடித்தாலும் அந்த அரிசி யார் வயிற்றிலாவது போய்ச் சேரும்.

மிக்ஜாம் முடிந்து இரண்டே வாரத்தில் தெற்கே கொட்டியது. டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. என் தம்பி ஏரலில் சின்னதாகப் பலசரக்கும் டீக்கடையும் வைத்திருக்கிறான். தாமிரபரணி ஊருக்குள் புகுந்துவிட்டது, பாலம் போயிற்று, நாலு நாள் போனே கிடைக்கவில்லை. கிடைத்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "யக்கா, பிஸ்கட், மசாலா பாக்கெட்டெல்லாம் வெளியதான் சேறு, உள்ள நல்லாத்தான் இருக்கு. கழுவி வித்துரட்டா?" என்பதுதான். வேண்டாம்லே, போட்டோ எடுத்துட்டுக் கிழிச்சுக் கொட்டுடா என்றேன். ரெண்டு நிமிஷம் பேசவில்லை. "கொட்டிட்டு நான் என்னத்த சாப்பிட?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்சம் பணம் அனுப்பினேன், கொட்டினான். எல்லாக் கடைக்காரருக்கும் ஓர் அக்கா இருக்க முடியுமா?

வெள்ள நேரத்துச் சோற்றுப் பொட்டலங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015இல் ஜாதி மதம் பார்க்காமல் இந்த ஊர் சமைத்துப் போட்டது, அம்மா உணவகங்களில் காசு வாங்காமலே போட்டார்கள். அந்த மனசைக் குறை சொன்னால் வாய் வெந்துபோகும். ஆனால் நான் கண்ணால் பார்த்தது, ராத்திரி 11 மணிக்குக் கிளறிய சாம்பார் சாதத்தைச் சுடச்சுடக் கவரில் கட்டி, அட்டைப்பெட்டியில் நெருக்கி அடுக்கி, மறுநாள் மத்தியானம் படகில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கவரைப் பிரித்தால் நூல் விட்டது. பசியில் இருந்தவர்கள் சாப்பிட்டார்கள். நம் பாட்டிமார் ரயிலுக்கும் யாத்திரைக்கும் சாம்பார் சாதமா கட்டிக் கொடுத்தார்கள்? புளியோதரை, நல்லெண்ணெய் விட்டு. புளிப்பும் எண்ணெயும் இருக்கிறது, ஈரம் குறைவு, தாங்கும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் கொஞ்சம் தாங்கும். தேங்காய்ச் சட்னி, தயிர் சாதம், வெஜ் பிரியாணி, முட்டை இதெல்லாம் பக்கத்துத் தெருவுக்கு என்றால் சரி, படகு ஏறுகிற சோற்றுக்கு வேண்டாம். பொட்டலத்தின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் சமைத்த மணி எழுதுங்கள், அதற்குச் செலவு ஒன்றுமில்லை. தட்டுக் கழுவத் தண்ணீர் இல்லாத நாளில் வாழை இலையும் பாக்கு மட்டையும்தான். நாங்கள் மறுபடி திறந்த முதல் வாரம் அப்படித்தான் போட்டோம், பிள்ளைகள் கல்யாண வீடு மாதிரி இருக்கிறது என்றார்கள்.

இப்போது கேட்பது இதுதான். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இல் வந்தது, அதன் கீழே 2011 விதிமுறைகளில் நான்காவது அட்டவணை என்று தண்ணீர், கழிவு, பூச்சி, ஊழியர் உடல்நலம் எல்லாம் விலாவாரியாக இருக்கிறது. லைசென்ஸ் எடுக்கும்போது கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நல்ல நாளில் சோதனைக்கு வருகிறார்கள், நியாயம். வெள்ளம் வடிந்த அந்த இரண்டு நாளில் எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை. அபராத நோட்டுப் புத்தகத்தை ஆபீசிலேயே வைத்துவிட்டு, குளோரின் பார்க்கிற பெட்டியோடு ஓர் ஆள் வந்தால் போதும். சம்ப் தண்ணீரைப் பார்க்கட்டும், கொட்ட வேண்டிய சரக்கை எங்கள் கண்முன்னே எண்ணி, எடை போட்டு, அழித்ததாக ஒரு சீட்டு எழுதித் தரட்டும். அந்தச் சீட்டை இன்சூரன்ஸ்காரர் ஏற்க வேண்டும், இன்சூரன்ஸ் இல்லாத தள்ளுவண்டிக்காரருக்கு அரசு நிவாரணத்தில் அதை வைத்து ஏதாவது ஒரு பங்கு தர வேண்டும். அழித்த சரக்கை அள்ள ஒரு வண்டி தனியாக வர வேண்டும், தெருமுனையில் கிடக்கக்கூடாது. தண்ணீர் பார்த்த கடை வாசலில் தேதியோடு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அந்த ஸ்டிக்கர் இருக்கிற கடையில்தான் கூட்டம் நிற்கும் என்றால், இரண்டாம் நாளே திறக்கிற அவசரம் யாருக்கும் இருக்காது. ஹோட்டல்காரர்கள் சங்கங்களும் இதைக் கேட்கலாம், ஜிஎஸ்டிக்குக் கேட்கிற சத்தத்தில் கால்வாசி போதும்.

உங்களிடம் கேட்பது இன்னும் சின்னது. அடுத்த ஐப்பசிக் கட்டத்தில் கடைக்காரர்களுக்கென்று ஆறு வரி ஒதுக்குங்கள். இடம் போதவில்லை என்றால் டார்ச் பேட்டரியை எடுத்துவிடுங்கள், எல்லோர் போனிலும் இப்போது டார்ச் இருக்கிறது.

கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன், ஆவணி முடிவதற்குள் சம்ப் வாயை இரண்டடி உயர்த்தி ரப்பர் வைத்த மூடி போட்டுத் தருவதாக ஏற்றிருக்கிறார். சாக்கடை எதிர்த்து வராமலிருக்க ஒரு வால்வும் போட வேண்டுமாம், விலை கேட்டுக்கொண்டிருக்கிறேன். மாடியில் பையன்களுக்கென்று தனிக் கழிவறை கட்டுகிற வேலை முடிந்துவிட்டது, கதவு மட்டும் பாக்கி.

இப்படிக்கு,
மெஸ் நடத்தும் ஒரு வாசகி,
வேளச்சேரி, சென்னை.